ஒரு கண் வேண்டும்

ஜப்பானில் மசாஜ் தொழில் செய்ய மூன்று ஆண்டு படிக்க வேண்டும். அரசுத் தேர்வில் தேற வேண்டும். அந்தப் படிப்பை முந்நூறு ஆண்டுக்கு மேலாகக் கையோடு கையாகக் கடத்தி வந்தவர்கள், பார்வையற்றவர்கள்.

பழைய டோக்கியோவான எடோவின் கோட்டையில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். ஐந்தாவது ஷோகன் ட்சுனயோஷி நோயில் படுத்திருந்தார். அவரை எழுப்பி உட்கார வைத்த வைத்தியர் சுகியாமா வாயிச்சி, எண்பது வயது தாண்டிய கிழவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே பார்வை போனவர். மனம் குளிர்ந்த ஷோகன், "என்ன வேண்டுமோ கேள்" என்றாராம். கிழவர் யோசிக்கவே இல்லை. "ஒரே ஒரு கண் வேண்டும்" என்றாராம்.

நாட்டையே கைக்குள் வைத்திருந்தவரால் அதைக் கொடுக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக 1693இல் சுமிதா ஆற்றுக்குக் கிழக்கே ஹோஞ்ஜோ பகுதியில் ஒரு நிலத்தைக் கொடுத்தார். அந்த இடத்தின் பெயர் ஹிதோட்சுமே. 'முதலாவது' என்றும் பொருள். 'ஒற்றைக் கண்' என்றும் பொருள். கேட்ட கண்ணை ஊர்ப்பெயராகக் கொடுத்து அனுப்பினார் ஷோகன். அடுத்த ஆண்டே வாயிச்சி காலமானார்.

கதையில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பிறகு வளர்ந்தது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லை. நிலம் இருக்கிறது. டோக்கியோவில் சுமோ மல்யுத்தத்துக்குப் பேர்போன ரியோகோகு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் எஜிமா சுகியாமா கோயில் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது.

வாயிச்சி பிறந்தது 1610இல், ட்சு என்ற ஊரில், சாமுராய் குடும்பத்தில். வாள் பிடிக்க வழியில்லை என்றானதும் ஊசி வைத்தியம் கற்க எடோவுக்குப் போனார். பாடம் மனதில் நிற்கவில்லை, கையும் வரவில்லை என்று குரு திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போக முகம் இல்லாமல் எனோஷிமா தீவில் பென்ஸைட்டென் சன்னிதிக்குப் போய் விரதம் கிடந்தார். இந்த பென்ஸைட்டென் நமக்கு வேற்றாள் இல்லை. புத்த மதத்தோடு சீனா வழியாகக் கப்பல் ஏறிய நம் சரஸ்வதிதான். வீணையை விட்டுவிட்டு பீவா என்ற நாட்டு வாத்தியத்தைக் கையில் வைத்திருக்கிறாள். விரதம் முடித்துத் திரும்பும் வழியில் வாயிச்சி ஒரு கல்லில் தடுக்கி விழுந்தார். எழும்போது கையில் ஏதோ குத்தியது. குழல் போல் சுருண்ட ஒன்றுக்குள் ஒரு பைன் ஊசியிலை. ஊசியைக் குழலுக்குள் விட்டுத் தட்டினால் நடுங்கும் கையும் தவறாதே என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியதாகச் சொல்கிறார்கள். அந்த வழிகாட்டிக் குழலை இன்று உலகெங்கும் அக்குபங்சர் செய்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். கண் தெரிந்தவர்களும்தான்.

எனக்கு இந்தக் குழலைவிடப் பெரிதாகப் படுவது 1682இல் அவர் நடத்தத் தொடங்கிய பயிற்சிக் கூடம். பார்வையற்றவர்களுக்கு ஊசி வைத்தியமும் 'அன்மா' என்ற பிடித்துவிடும் கலையும் அங்கே முறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்டன. பாரிஸில் வாலன்டின் ஹாவி பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது இதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து. உதவாக்கரை என்று குருவால் துரத்தப்பட்டவர், தன்னைப் போன்றவர்கள் துரத்தப்படாமல் படிக்க ஓர் இடம் கட்டினார்.

விரல் படிக்கும் பாடம்

உடம்பு வலித்தால் யாரையாவது கூப்பிட்டுக் காலைப் பிடித்துவிடச் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு எதற்கு மூன்று ஆண்டுப் படிப்பு என்று கேட்பவர்கள் ஜப்பானியப் பாடத்திட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

முதலில், அங்கே மூன்று கலைகள் சேர்ந்து ஓர் உரிமம். அன்மா சீனாவிலிருந்து வந்த பழைய கலை. உடுப்பின் மேலேயே, உடம்பின் நடுவிலிருந்து கைகால் நுனியை நோக்கிப் பிசைந்துகொண்டு போவது. மசாஜ், ஷோகன்களின் ஆட்சி முடிந்த பின் வந்த மெய்ஜி காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது. வெறும் தோலில், நுனியிலிருந்து இதயத்தை நோக்கி நீவுவது. ஷியாட்சு என்பது கட்டைவிரலை ஊன்றி அழுத்துவது. போகும் திசையே வேறு வேறு. ஏன் அப்படி என்பதையும் படிக்க வேண்டும்.

உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல், பொதுச் சுகாதாரம், மருத்துவமனைப் பாடம், மறுவாழ்வு மருத்துவம், கீழைநாட்டு மருத்துவம், நாடிப் பாதைகளும் புள்ளிகளும், தொழில் தொடர்பான சட்டம். பள்ளி இறுதி முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டு. கடைசி ஆண்டின் பிப்ரவரியில் அரசுத் தேர்வு. மாகாணங்கள் தனித்தனியாக உரிமம் கொடுத்த காலம் போய், நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு என்றானது 1993இல்தான். கேள்வித்தாள் பிரெய்லியில் உண்டு, பெரிய எழுத்தில் உண்டு, ஒலிப்பதிவிலும் உண்டு. கேள்வி எல்லோருக்கும் ஒன்றே. தேற நூற்றுக்கு அறுபது வேண்டும்.

பார்வையற்ற மாணவர் உடற்கூறு எப்படிப் படிப்பார்? எலும்பை மடியில் வைத்துப் படிப்பார். தோள்பட்டை எலும்பின் மாதிரியைக் கையில் வாங்கி, அதன் மேட்டை, பள்ளத்தை, கூர்முனையை விரலால் சுற்றிச் சுற்றி வருவார். பிறகு பக்கத்தில் இருக்கும் சக மாணவரின் முதுகில் அதே எலும்பைத் தேடுவார். இப்போது அது தோலுக்கும் தசைக்கும் அடியில் ஒளிந்திருக்கிறது. மூச்சு விட்டால் நகர்கிறது. அந்தத் தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு நேராக முதுகெலும்பில் வருவது ஏழாவது மார்பு முள்ளெலும்பு. தலையைக் குனிந்தால் பிடரியில் முட்டிக்கொண்டு நிற்பது ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. இடுப்பு எலும்பின் இரு மேல்விளிம்புகளையும் தொட்டு ஒரு கோடு போட்டால் அது நாலாவது இடுப்பு முள்ளெலும்பைக் கடக்கும். கண் தெரிந்தவர் படத்தில் பார்த்து மறந்துவிடக்கூடிய இந்த இடங்கள், விரலால் கற்றவருக்கு வீட்டுக்குள் இருக்கும் கதவும் படியும் போல.

பாடத்தில் வரும் நாடிப் புள்ளிகள் 361. ஒன்றைச் சொல்கிறேன். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்தவர்கள் 'இங்கேதான்' என்று தாமாகவே கை வைத்துக் காட்டும் தோள் மேட்டுக்கு 'கென்செய்' என்று பெயர். பிடரியில் முட்டும் அந்த எலும்புக்கும் தோளின் வெளிமுனைக்கும் சரிபாதியில் இருக்கிறது. அளவுகோல் கிடையாது. மற்றப் புள்ளிகளுக்கு விரற்கடைக் கணக்கு. அதுவும் அளப்பவரின் விரல் செல்லாது, படுத்திருப்பவரின் விரல்தான் அளவு. உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் ஒரே கணக்கு பொருந்துவது இதனால்தான். நம் ஊரிலும் விரற்கடை அளவு வழக்கில் இருந்ததால் இந்தத் தர்க்கம் நமக்குச் சட்டென்று பிடிபடும்.

கை பழகுவது இதைவிடக் கடினம். புதிதாகச் சேர்ந்தவர் விரல் பலத்தை நம்பி அழுத்துவார். கொஞ்ச நாளில் வாடிக்கையாளரின் வலி போய்விடும். தன் கட்டைவிரல் மூட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். முப்பது ஆண்டு இதே விரலை வைத்துப் பிழைக்க வேண்டுமே! அதனால் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது விரலைச் சும்மா வைத்துவிட்டு உடம்பின் எடையைச் சாய்க்கும் வித்தையை. முழங்கை நேராக, முதுகு நேராக, இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து, மெல்ல ஏற்றி, நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். நீவுவது, பிசைவது, அழுத்துவது, தட்டுவது, அதிர வைப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, இரண்டு கையும் ஒன்றுபோல் வரும்வரை.

அதற்கும் மேலே ஒரு பாடம் இருக்கிறது: எப்போது கை வைக்கக் கூடாது என்பது. ஒற்றைக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். நீவினால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். காய்ச்சல், புதிதாக முறிந்த எலும்பு, நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்து எலும்பு மெலிந்த முதியவர். இவர்களிடம் 'இன்று வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்' என்று சொல்லத் தெரிய வேண்டும். பார்வையற்றவர் தோலின் சிவப்பைக் காண முடியாது. அதனால் புறங்கையால் சூட்டைப் பார்க்கிறார், நிறையக் கேட்கிறார். எப்போதிலிருந்து வலி, எந்தப் பக்கம் படுத்தால் கூடுகிறது, என்ன மாத்திரை. கேள்வி கேட்பதே அவர்களுடைய படிப்பில் ஒரு கருவி. அவசரமாக மேசையைக் காட்டிப் 'படுங்கள்' என்று சொல்லும் கைகளைவிட அந்தக் கேள்விகளுக்குப் பிறகு வரும் கையை நான் நம்புவேன்.

பார்வையற்றோர் பள்ளிகளில் பலவற்றில் ஒரு சிகிச்சை அறை இருக்கும். அக்கம்பக்கத்தார் குறைந்த கட்டணத்தில் வந்து படுப்பார்கள். ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் அவர்கள்மேல் கை பழகுவார்கள். அந்த மாணவர்களில் எல்லோரும் இளைஞர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்கரை நோயால், கண்ணழுத்த நோயால், விழித்திரை மெல்ல மெல்ல மங்கும் பரம்பரை நோயால் நாற்பதிலும் ஐம்பதிலும் பார்வை போனவர்கள் நிறைய. நேற்றுவரை லாரி ஓட்டியவரும் கணக்கு எழுதியவரும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அருகே உட்கார்ந்து எலும்புகளின் பெயரை ஒப்பிக்கிறார்கள். அந்த வயதில் விரல் நுனிக்குப் பிரெய்லி லேசில் வசப்படாது. பாடத்தை ஒலிப்பதிவில் கேட்டுக் கேட்டே மனதில் ஏற்றுகிறார்கள். வேலை, வீட்டில் இருந்த இடம், தன்னைப்பற்றித் தான் வைத்திருந்த மதிப்பு எல்லாம் ஒரே வீச்சில் போன ஒருவருக்கு, மூன்று ஆண்டு முடிவில் அமைச்சரின் பெயரில் ஓர் உரிமம் வருகிறதென்றால் அதை வெறும் தொழில் படிப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கதவைத் திறந்தும் மூடியும்

ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் பார்வையற்றவர்களுக்கு 'தோதோஸா' என்றொரு சங்கம் இருந்தது. இசைக் கலைஞர்களும் அன்மா செய்பவர்களும் அதில் படிப்படியாகப் பதவி பெற்றார்கள். வாயிச்சி ஏறிய உச்சிக்குக் கெங்யோ என்று பெயர். அடிப்படியில் இருந்தவர் ஸாதோ; சினிமா ரசிகர்கள் அறிந்த ஸாதோயிச்சி என்ற வாள்வீரனின் பெயரில் ஒட்டியிருப்பது அந்தப் பதவிதான். இரவில் தெருவில் சீழ்க்கைக் குழல் ஊதிக்கொண்டு போகும் அன்மாக்காரரை வீட்டுக்குள் கூப்பிடுவார்கள். 1871இல் மெய்ஜி அரசு அந்தச் சங்கத்தைக் கலைத்தது. நவீனம் வந்த அன்று பார்வையற்றவர்களுக்கு இருந்த பாதுகாப்புச் சுவர் இடிந்தது. உரிம முறை 1911இல் வந்தது.

1945இல் போரில் தோற்ற பிறகு இன்னொரு இடி. ஊசி, மூலிகைச் சூடு முதலான பழைய வைத்தியங்களைத் தடை செய்ய வேண்டும் என்ற கருத்து 1947இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்திலிருந்து வந்தது. பார்வையற்றோர் பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்து இறங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே இத்தொழில்களுக்கான சட்டம் நிறைவேறியது. இன்று நடப்பில் இருப்பது, பலமுறை திருத்தப்பட்ட அதே சட்டம்.

1964இல் அதில் பத்தொன்பதாவது பிரிவு சேர்ந்தது. கண் தெரிந்தவர்களுக்குப் புதிதாக மசாஜ் பயிற்சிப் பள்ளி தொடங்க அனுமதி கேட்டால், பார்வையற்றவர்களின் பிழைப்பு கெடும் என்று கருதினால் அரசு மறுக்கலாம். 'தற்போதைக்கு' என்று எழுதினார்கள். அந்தத் தற்போதைக்கு அறுபது ஆண்டைத் தாண்டிவிட்டது.

மசாஜ் வராத ஒருவர்

இங்கே நின்று, வேறொருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹனவா ஹோகியிச்சி, 1746இல் பிறந்தவர். ஏழு வயதில் பார்வை போயிற்று. பதினைந்து வயதில் எடோவுக்கு வந்து, பார்வையற்ற பையன் எதைக் கற்க வேண்டுமோ அதைக் கற்கச் சேர்ந்தார்: இசை, ஊசி, அன்மா. எதுவும் கைக்கு வரவில்லை. உயிரை விடும் அளவுக்கு மனம் உடைந்தவரிடம், மூன்று ஆண்டு உன் விருப்பம்போல் படி, தேறாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார் அவருடைய குரு. பையன் நூல்களைப் பக்கம் பக்கமாகப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். சிதறி அழிந்துகொண்டிருந்த பழைய ஜப்பானிய நூல்கள் 1,200க்கு மேல் அவரால் ஒரே பெரும் தொகுப்பாக அச்சேறின. 'குன்ஷோ ருய்ஜூ' என்ற அந்தத் தொகுப்பு இல்லாமல் அந்நாட்டின் பழைய இலக்கியத்தை இன்று யாரும் ஆராய முடியாது. 1937இல் ஜப்பான் வந்த ஹெலன் கெல்லர் அவருடைய சிலையைத் தடவிப் பார்த்தார். சிறுவயதில் தன் தாய் முன்மாதிரியாகச் சொன்ன மனிதர் அவர் என்றார்.

ஹோகியிச்சியை ஏன் இழுக்கிறேன் என்றால், ஒரு தொழிலை ஒரு கூட்டத்துக்கென்று ஒதுக்கிவைத்தால் அது அரணாகவும் ஆகும், கூண்டாகவும் ஆகும். பார்வையற்றவர் என்றாலே மசாஜ்தான் என்று பள்ளியும் பெற்றோரும் முடிவுகட்டிய தலைமுறைகளில், வராத கையை வைத்துக்கொண்டு எத்தனை ஹோகியிச்சிகள் பிசைந்துகொண்டே கிடந்தார்களோ! அவருக்கு வாய்த்த குரு எல்லோருக்கும் வாய்த்திருக்க மாட்டார். ஜப்பானில் பார்வையற்றவர் மருத்துவர் ஆகவே முடியாது என்ற சட்டத் தடை நீங்கியது 2001இல்தான். 2003இல் முழுப் பார்வையற்ற ஒருவர் மருத்துவர் தேர்வில் தேறினார். மற்றக் கதவுகள் அவ்வளவு தாமதமாகத்தான் திறக்கின்றன.

ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள்

ஜப்பானின் குடியேற்ற ஆட்சியோடு இந்த முறை கொரியாவுக்கும் போனது. 1913இல் சியோலில் பார்வையற்றோருக்கான பயிற்சி தொடங்கியது. விடுதலைக்குப் பின் 1946இல் அமெரிக்க ராணுவ நிர்வாகம் உரிமத்தை ஒழித்தது. 1973இல் மருத்துவச் சட்டத்தின் வழியே திரும்ப வந்தது. தென் கொரியா ஜப்பானைவிட ஒரு படி மேலே போய், பார்வையற்றவர்களுக்கு மட்டுமே மசாஜ் உரிமம் என்று வைத்தது.

2006 மே மாதம் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாது என்றது. சியோலின் மாப்போ பாலத்தில் பார்வையற்றவர்கள் திரண்டார்கள். சிலர் ஹான் ஆற்றில் குதித்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவரும் உண்டு. கண் தெரியாத மனிதர் தனக்குத் தெரியாத ஆழத்துக்குள் குதிக்கிறார் என்றால் கரையில் அவருக்கு எதுவும் மிச்சமில்லை என்று பொருள். சில மாதங்களுக்குள் நாடாளுமன்றம் அந்த ஒதுக்கீட்டை நேரடியாகச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. கண் தெரிந்தவர்கள் மீண்டும் வழக்குப் போட்டார்கள். 2008 அக்டோபர் 30ஆம் தேதி நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது.

மறுநாள், அக்டோபர் 31. தைவானின் அரசியல் சாசன நீதிமன்றத்தில் இதே கேள்விக்கு எதிர்ப்பதில் வந்தது. பார்வையற்றோருக்கு மட்டும் மசாஜ் என்ற விதி, மற்றவர்களின் வேலை உரிமையைப் பறிக்கிறது. மூன்று ஆண்டுக்குள் அது காலாவதியாகும். இரண்டு நாட்டு நீதிபதிகளும் பேசிவைத்துக்கொண்டவர்கள் இல்லை. ஒரே நியாயத் தராசில் ஒருவர் பிழைப்பை எடையாக வைத்தார், மற்றவர் சமத்துவத்தை வைத்தார்.

ஜப்பான் நடுவில் நின்றது. புதுப் பள்ளிக்கு அனுமதி மறுக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில் 2022 பிப்ரவரி 7 அன்று உச்ச நீதிமன்றம் பத்தொன்பதாவது பிரிவு செல்லும் என்றது. கண் தெரிந்தவருக்குத் தொழில் மூடப்படவில்லை. ஏற்கெனவே இருக்கும் பள்ளிகளில் அவர் சேரலாம். பள்ளிகள் பெருகுவதற்கு மட்டும்தான் தடை.

எனக்கு இந்தத் தீர்ப்பு சரியாகப் படுகிறது. சமத்துவம் என்ற பெயரில் இருக்கும் ஒரு கதவை எல்லோருக்கும் திறந்துவிடுவது சுலபம். அடைத்துக் கிடக்கும் மற்ற நூறு கதவுகளைப் பார்வையற்றவருக்குத் திறந்துவிடுவதுதான் கடினம். கடினமானதைச் செய்து முடிக்கும்வரை சுலபமானதில் கை வைக்காமல் இருப்பது நீதி.

ஆனால் சட்டம் காத்த கதவுக்குப் பக்கத்திலேயே சுவர் உடைந்து கிடக்கிறது. உரிமம் இல்லாமல் மசாஜ் செய்தால் ஐந்து லட்சம் யென் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. 1960இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்போ, வைத்தியம் போன்ற ஒரு செயலைத் தடுக்க வேண்டுமானால் அது உடம்புக்குத் தீங்கு தரக்கூடியது என்று காட்ட வேண்டும் என்றது. அந்த இடைவெளி வழியே 'ரிலாக்சேஷன்' என்றும் 'உடல் சீரமைப்பு' என்றும் பெயர்ப் பலகை மாட்டிய கடைகள் ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் முளைத்தன. மசாஜ் என்ற சொல்லைப் பலகையில் எழுத மாட்டார்கள். செய்வது ஏறக்குறைய அதையே. அங்கே கை வைப்பவர் எலும்பை மடியில் வைத்துப் படித்தவரா, சில வாரம் பழகியவரா என்று படுப்பவருக்குத் தெரியாது. 1960களின் தொடக்கத்தில் உரிமம் பெற்று இத்தொழில் செய்தவர்களில் பாதிக்கும் மேல் பார்வையற்றவர்கள். இப்போது நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனாலும் புது இடங்கள் கிடைக்கின்றன. பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களின் தோளையும் கழுத்தையும் கவனிக்கப் பார்வையற்ற உரிமதாரர்களை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்கின்றன; 'ஹெல்த் கீப்பர்' என்று அந்த வேலைக்குப் பெயர். பக்கவாதத்தில் கைகால் மடங்கிப்போன முதியவர்களுக்கு மருத்துவர் ஒப்புதல் எழுதிக்கொடுத்தால், வீட்டுக்கே வந்து செய்யும் மசாஜுக்கு மருத்துவக் காப்பீடு பணம் தருகிறது. இந்த வேலை உரிமம் இல்லாத கடைக்குப் போகாது.

2016 முதல், உரிமம் பெற்றவர்களுக்குப் புகைப்படத்தோடு ஓர் அட்டை கொடுக்கிறார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ள. அதில் இருப்பதை மாட்டியிருப்பவர் படிக்க முடியாமல் இருக்கலாம். படிக்க வேண்டியவர் மேசைமேல் படுக்கப் போகிறவர்.